தண்ணீர் எந்த டிபார்ட்மென்ட்?

எண்பதுகளின் தொடக்கத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: ரிசல்ட் வந்த அன்றிலிருந்து பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும், ஊரில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் நம்மிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. "என்ன குரூப்?" நலம் விசாரிப்பதுகூட அதற்குப் பிறகுதான். ஃபர்ஸ்ட் குரூப் என்றால் கேட்டவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். தேர்டு குரூப் என்றால், "அதனால என்ன, பேங்க்ல சேர்ந்துக்கலாம்" என்று கேட்காமலே ஓர் ஆறுதல் வரும். பிளஸ் டூ அப்போது புதுச் சரக்கு. 1978-இல்தான் பி.யூ.சி.யை எடுத்துவிட்டு அதைக் கொண்டுவந்திருந்தார்கள் என்பதால், எங்கள் வேலப்பன்சாவடிப் பெரியவர்களில் பாதிப் பேர் "பி.யூ.சி.ல என்ன குரூப்?" என்றே கேட்டார்கள், நாங்களும் திருத்தாமல் பதில் சொல்லிவிட்டுப் போவோம். பதினைந்து வயதில் ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் போட்ட டிக், அறுபது வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புகிற வரைக்கும் கூடவே வரும் என்று எல்லாரும் நம்பிய காலம். கணக்கைத் தொட்டவன் வரலாற்றைத் தொடக் கூடாது. கணக்குப்பதிவியலைத் தொட்டவன் தவளையைத் தொடக் கூடாது.

எங்கள் வீட்டில் அந்த டிக்கை அடித்தது நானல்ல, ஒரு குழு. ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பா, திருவேற்காட்டுக்குத் திரும்பும் முக்கில் சைக்கிள் கடை வைத்திருந்த அவருடைய சிநேகிதர், சான்றிதழில் கையெழுத்துப் போட கெஜட்டட் ஆபீசர் ஒருவரைத் தெரியும் என்ற ஒரே தகுதியால் சொந்தக்காரர் வீட்டுப் படிப்பு விவகாரம் எல்லாவற்றுக்கும் தலைமை தாங்கிய பூந்தமல்லி மாமா. சைக்கிள் கடைக்காரர் பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்காதவர். ஆனால் பங்ச்சர் ஒட்ட வருகிற வாத்தியார்களிடம் கேட்டுக் கேட்டே எந்தப் படிப்புக்கு எந்த ஆபீஸில் என்ன சம்பளம் என்று மனப்பாடமாக ஒப்பிப்பார். "கெமிஸ்ட்ரி படிச்சா எந்த ஃபேக்டரியா இருந்தாலும் ஒரு லேப் இருக்கும், லேப்புக்கு ஒரு ஆள் வேணும்" என்று பெடலைச் சுற்றிக்கொண்டே அவர் சொன்ன வாக்கியம்தான் எனக்கும் வேதியியலுக்கும் நடந்த நிச்சயதார்த்தம். பக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட் இருந்ததால் மறுத்துப் பேச யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை நினைத்தால்தான் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. அந்த வயதில் எனக்கிருந்த உறுதியான லட்சியம், லாரி கிளீனராகி பெங்களூர் வரைக்கும் போய் வருவது.

நான் பிளஸ் டூ முடித்த 1984-இல்தான் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் நுழைவுத் தேர்வு என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் எம்.ஜி.ஆர். அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவு வழியாக என்னென்ன வரப் போகிறது என்று எங்களுக்கு அப்போது தெரியாது. பெங்களூர் ரோட்டின் இரண்டு பக்கமும் வயல். வடக்கே திருவேற்காட்டுப் பக்கம் கூவம் இருந்தது, அதில் பையன்கள் குதித்துக் குளித்தார்கள் என்று சொன்னால் இன்றைக்குப் பிள்ளைகள் நம்மை டாக்டரிடம் அழைத்துப் போகப் பார்ப்பார்கள். கல்லூரி என்றால் 53-ஆம் நம்பர் பல்லவனைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே நகரத்துக்குப் போய்த் தேட வேண்டிய ஒரு பொருள். இப்போது கல்லூரிகள் எங்களைத் தேடி வந்து ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டன. வேலப்பன்சாவடி என்ற முகவரியிலேயே ஒரு பல் மருத்துவக் கல்லூரியும் ஒரு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. 1988-இல் மதுரவாயலில் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஊருக்கு மேலே மேம்பாலம் போகிறது. பல் வலித்தால் கிராம்பை அடக்கிக்கொண்டு படுத்த ஊரில், இன்று டீக்கடையில் நின்றால் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுடன் நிற்கும் பையன் நம் சிரிப்பை ஒரு தொழில்முறை அக்கறையோடு பார்க்கிறான்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே இருந்த ஒரு கல்லூரியில் எனக்கு பி.எஸ்சி. இடம் கிடைத்தது. மேஜர் கெமிஸ்ட்ரி, அலைடு மேத்ஸும் பிசிக்ஸும். மேஜர் என்பது ஜாதி மாதிரி. கேன்டீனில் யார் எந்த மேஜையில் உட்காருவது என்பதைக்கூட அது தீர்மானித்தது. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது, அதன் பெயர் தமிழ் வகுப்பு. பார்ட் ஒன் தமிழுக்கு மட்டும் கணக்கு, வேதியியல், வரலாறு, வணிகவியல் எல்லாரையும் கலந்துகட்டி ஒரே பெரிய அறையில் அடைத்துவிடுவார்கள். மார்க்கில் மேஜரோடு சேராத வகுப்பு என்பதால் ஒருவருக்கும் பயம் கிடையாது. அந்தக் கூட்டத்தில்தான், நளன் நாட்டைத் தோற்கிற சூதாட்டத்தைத் தமிழய்யா உருக்கமாக நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு கணக்குப் பையன் எழுந்து, பகடை இப்படித் தொடர்ந்து ஒரே பக்கம் விழ வாய்ப்பு இவ்வளவுதான், ஆகவே புஷ்கரன் காய் கள்ளக் காய் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினான். கலியின் வேலை என்பதைத்தான் நீ கணக்கில் சொல்கிறாய், உட்கார் என்றார் ஐயா. இன்று இதற்குப் பல்துறைப் படிப்பு என்று பெயர் வைத்து, இரண்டு துறைப் பேராசிரியர்களைச் சேர்த்து உட்கார வைத்து, பிரசுரத்தில் படம் போட்டு விற்கிறார்கள். எங்களுக்கு அது சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட்.

சூதாட்டம் என்றதும் ஐயாவுக்கு என் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. "திருவேற்காட்டுப் பக்கத்திலேர்ந்து யாருப்பா வர்றது?" என்று கேட்டு, கையைத் தூக்கிய என்னை நிற்க வைத்தே மூர்க்க நாயனார் கதையைச் சொன்னார். அறுபத்து மூவரில் ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்று எனக்கு அதுவரை தெரியாது. கருமாரி அம்மன் கோயிலுக்கு ஆடிக் கூழ் குடிக்கப் போனதோடு என் தல அறிவு முடிந்திருந்தது. அடியார்களுக்குச் சோறு போட்டுப் போட்டே சொத்தைக் கரைத்தவர், பிறகு தான் கற்றிருந்த சூதை எடுத்துக்கொண்டார். ஊரில் அவரோடு ஆட ஆள் இல்லாமல் போனதும் ஊர் ஊராகப் போய்க் கடைசியில் குடந்தையில் தங்கினார். முதல் ஆட்டத்தில் தோற்று ஆசை காட்டி, அடுத்தடுத்த ஆட்டங்களில் வென்று, மறுப்பவனைச் சுரிகையை உருவிக் குத்தி, வந்த பணத்தில் தான் ஒரு காசு தொடாமல் அன்னதானம். இதைப் பாடிய சேக்கிழாரும் எங்களுக்குத் தூரமில்லை, குன்றத்தூர். பகலில் சோழனுக்கு அமைச்சர், மிச்ச நேரத்தில் பெரியபுராணம். இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நாயனார் கேம் தியரி மேஜரும் தொண்டு நிறுவன மேனேஜ்மென்ட் மைனருமாக எழுதிப் போட்டு ஸ்காலர்ஷிப் வாங்கியிருப்பார், சுரிகையைப் பற்றி மட்டும் இன்டர்வியூவில் ஏதாவது கேட்டிருப்பார்கள்.

மற்றபடி எங்கள் பல்துறைப் படிப்பு முழுவதும் வகுப்புக்கு வெளியே, வருகைப் பதிவேட்டுக்குத் தெரியாமல் நடந்தது. 53-இல் கல்லூரி நிறுத்தத்தில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் வண்டி சென்ட்ரல் கொண்டுபோய்விடும். சென்ட்ரலில் மூர் மார்க்கெட். அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் பழைய புத்தகக் கடைகளில் குந்திப் படிக்கலாம்; வாங்கவில்லை என்றால் கடைக்காரர் நம்மை ஒரு மணி நேரம் கழித்துத்தான் திட்டுவார். அங்கேதான் பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளில் ஒன்றே ஒன்றை, அட்டை பிய்ந்த நிலையில், பேரம் பேசி வாங்கினேன். தூரனே ஒரு நடமாடும் கலப்புத் துறை: கணக்குப் படித்தவர், குழந்தைகளுக்கு எழுதியவர், கச்சேரி மேடையில் இன்றைக்கும் பாடப்படுகிற கீர்த்தனைகளை இயற்றியவர். மிச்சத் தொகுதிகள் கிடைக்கவே இல்லை என்பதால் என்னுடைய பரந்த அறிவு முழுவதும் நெடுங்கணக்கில் சில எழுத்துகளுக்குள் அடங்கியிருந்தது. அந்த எழுத்துகளில் தொடங்கும் தாவரமோ, மன்னனோ, மூலகமோ பேச்சில் வந்துவிட்டால் நான் அடங்க மாட்டேன். வராவிட்டால் பேச்சை அங்கே இழுத்து வருவேன். நண்பர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஜூனியர் விகடனில் சுஜாதா 'ஏன்? எதற்கு? எப்படி?' எழுதத் தொடங்கியதும் மிச்ச எழுத்துகளை அவர் பார்த்துக்கொண்டார்.

1985 மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்துபோனது. கோடை விடுமுறை, செய்தி கேட்டு அடுத்த நாள் போய் நின்றேன், கரித் துண்டுகளுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் நடுவே பாதி எரிந்த காகிதங்கள் காலில் ஒட்டின. கடைகள் பிறகு பக்கத்தில் அல்லிக்குளத்துக்குப் போயின, கட்டடம் நின்ற இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. ஒரு கட்டடத்தை இழந்து அவ்வளவு பேர் ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர வழி கிடைத்தது என்றால் நியாயமாகச் சந்தோஷப்பட வேண்டும். பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாக.

எங்களோடு படித்த ஒருவனுக்குக் கணக்கும் வேண்டும், வரலாறும் வேண்டும். சோழர் கால நில அளவைக் கோலையும் வரிக் கணக்கையும் வைத்துக்கொண்டு ஏதேதோ போட்டுப் பார்ப்பான். இரண்டையும் சேர்த்துப் படிக்க எங்கே போக வேண்டும் என்று துறைத் தலைவரைக் கேட்டதற்கு, சேற்றில் ஒரு கால் ஆற்றில் ஒரு கால் வைத்தால் இரண்டும் நனையும் என்று பதில் வந்தது. அவன் கூவத்தங்கரைக்காரன், கால் நனைவதைப் பற்றிப் பயந்தவனல்ல. இருந்தாலும் போய் பாங்க் பரீட்சை எழுதினான். நானும் எழுதினேன். கெமிஸ்ட்ரிக்காரன், தாவரவியல்காரன், தமிழ் எம்.ஏ., எல்லாரையும் ஒரே கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார வைத்த அந்த ஆள்சேர்ப்பு வாரியத்தைத்தான் தமிழ்நாட்டின் முதல் பல்துறை நிறுவனம் என்று நான் சொல்வேன். அமிலத்தையும் காரத்தையும் சமன்படுத்தக் கற்றவன் முப்பது வருடத்துக்கு மேல் பற்றையும் வரவையும் சமன்படுத்தினேன். சைக்கிள் கடைக்காரர் சொன்ன அந்த லேப்பை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

இந்தப் பழங்கதையையெல்லாம் கிளறிவிட்ட என் தம்பி மகள் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவளுக்கு இரண்டாம் வகுப்பு. கீழ் வீட்டில் தண்ணீர் ஏற, எல்லாரும் மாடியில் பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?" என்று அவள் கேட்டாள். செம்பரம்பாக்கம் என்றார் அப்பா. அந்த வாரம் சென்னையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொன்னார்கள், விநாடிக்கு 29,000 கன அடி என்ற எண் எல்லார் வாயிலும் இருந்தது. ஆனால் செம்பரம்பாக்கத்து உபரி போவது அடையாற்றுக்கு. எங்கள் பக்கம் வந்தது கூவத்துத் தண்ணீர், அது மேற்கே கேசவரம் அணைக்கட்டிலிருந்தும் வழியில் நிரம்பிய ஏரிகளிலிருந்தும் வருகிற வேறு கணக்கு. இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளாகத்தான் பின்னால் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததிலிருந்து பெரியவர்கள் சொல்லும் எதையும் சரிபார்க்காமல் நம்புவதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று பேப்பரில் வரும் நீர்மட்டத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைக்கிற பழக்கம் அன்றைக்குப் பிடித்தது. நாங்கள் கிரிக்கெட் ஸ்கோர் எழுதி வைத்த மாதிரி, செம்பரம்பாக்கம் 24 அடியை நெருங்கினால் அவள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள்.

இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். "எனக்குத் தண்ணியைப் படிக்கணும், பெரியப்பா. அது எந்த டிபார்ட்மென்ட்?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். சிவில் இன்ஜினியரிங் எடுத்தால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்திலேயே நீர்வளத்துக்கென்று ஒரு மையம் இருக்கிறது. புவியியல் எடுத்தால் ஆற்றின் போக்கும் மண்ணும் மழையும். ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்து ஏரி வாரியம் இருக்கிறதே, ஏரியைப் பராமரிக்கக் குடவோலையில் ஆள் எடுத்தார்களே, அது வரலாற்றில் இருக்கிறது. ஏரிப் பாசனம் எப்படி நொடித்தது, யார் பம்ப்செட் வைத்தார்கள், யாருக்குத் தண்ணீர் போகவில்லை என்பதெல்லாம் பொருளாதாரத்தில். மால்கம் ஆதிசேஷையா 1971-இல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைப் பல வருடம் துருவியிருக்கிறார்கள். ஏரிக்குள் பட்டா எப்படி வந்தது என்பது சட்டத்தில். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ தண்ணிதான் ஒண்ணு, டிபார்ட்மென்ட்தான் அஞ்சு" என்றாள்.

எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லித் தரும் படிப்புக்கான வேட்டை தொடங்கியது. எங்கள் காலத்துக் குழு மூன்று பேர். இப்போது குடும்ப வாட்ஸப்பில் நாற்பது பேர், தவிர யூடியூபில் தாடி வைத்த ஆலோசகர்கள், கட்-ஆஃபைப் பற்றி மூச்சு விடாமல் பேசுகிறவர்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2006-இலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு சேரக்கூடிய ஐந்து வருட எம்.ஏ. இருந்தது, வளர்ச்சியியல், பொருளாதாரம் எல்லாம் கலந்து. அதைப் பற்றி எங்களுக்குத் தெரிய வந்த நேரத்தில் அந்த வாசலை அடைத்து, முதலில் ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு இரண்டு வருட எம்.ஏ.வுக்கு வா என்று மாற்றியிருந்தார்கள். அங்கேயே மருத்துவமும் பொறியியலும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பு 2023-இல் வந்திருக்கிறது. அது உடம்புக்குள் ஓடும் தண்ணீருக்குச் சரி. தடாவைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் 2018-இல் வந்த கிரியா பல்கலைக்கழகத்தில் கலையையும் அறிவியலையும் ஊடும் பாவுமாக நெய்து தருகிறோம் என்கிறார்கள். அவர்கள் பிரசுரத்தை அவள் வரிவரியாகப் படித்தாள், தம்பி கட்டணப் பக்கத்தை மட்டும் படித்தான். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் காபி குடித்தார்கள்.

2020-ஆம் வருடத் தேசியக் கல்விக் கொள்கையை நம் மாநிலம் ஏற்கவில்லை என்றாலும் அதில் ஓர் அம்சம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வருடம் படித்துவிட்டுக் கிளம்பினால் சான்றிதழ், இரண்டு வருடத்துக்கு டிப்ளோமா, மூன்றுக்குப் பட்டம், நான்குக்கு அதற்கும் மேலே. எங்கள் காலத்திலும் எந்த வருடம் வேண்டுமானாலும் வெளியேறலாம், கையில் ஒன்றும் தர மாட்டார்கள், அவ்வளவுதான். அதற்கும் முந்தைய தலைமுறை இன்னும் கெட்டிக்காரத்தனமாக, பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டு அடைப்புக்குறிக்குள் ஃபெயில் என்றும் போட்டுக்கொண்டது. கல்லூரிக்குள் போய் வந்தவன் என்பதற்கு அத்தாட்சி. அந்த அடைப்புக்குறியைத்தான் இப்போது டெல்லியில் கௌரவப்படுத்தியிருக்கிறார்கள்.

எண்பதைத் தாண்டிய என் அம்மாவுக்கு இந்தக் கலப்படமே பிடிக்கவில்லை. "ஏன்டா, எல்லாத்தையும் அரைகுறையா படிக்கிறதுக்கு ஒண்ணை உருப்படியா படிச்சா ஆகாதா?" என்றாள். அவள் பக்கம் ஒரு பெரிய சாட்சி இருக்கிறார். ராமானுஜன் பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. படித்தபோது, கணக்கைத் தவிர உடலியல் உட்பட எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்ற விதியால்தான் தோற்றார். கட்டாயமாக எல்லாவற்றையும் கலந்து ஊட்டியது வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ் பல்கலைக்கழகமும்தான். மனித வயிற்றைப் பற்றி எழுத மறுத்த ஒரு பையனை அது வெளியே அனுப்பிவிட்டது. இதைத் தம்பி மகளிடம் சொன்னேன். பல்துறைப் படிப்புகளிலும் முதல் வருடத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று இருக்கிறதே என்று அவளுக்கும் ஒரு முனகல் இருந்தது. "எது கலக்கணும்னு நான் சொல்லணும். அவங்க சொன்னா அது பழைய சிலபஸ்தான்" என்றாள். பங்ச்சர் ஒட்டுகிறவரிடம் என் வாழ்க்கையை ஒப்படைத்துவிட்டு பெங்களூர் லாரியைப் பார்த்துக்கொண்டு நின்ற பையன் இந்த வாக்கியத்தைக் கேட்டிருந்தால் பேந்தப் பேந்த விழித்திருப்பான்.

கட்டணத்தைப் பார்த்த எரிச்சலில் நான் ஒருநாள் என் பெருமையை எடுத்துவிட்டேன். லட்சம் லட்சமாகக் கட்டி நீங்கள் வாங்குவதை நாங்கள் பஸ் பாஸில் வாங்கினோம். மூர் மார்க்கெட்டும் கன்னிமாரா நூலகமும் தமிழ் வகுப்பும் எங்களுக்கு இலவசமாகச் செய்ததற்குத்தான் இன்று பெயரும் கிரெடிட்டும் கொடுத்திருக்கிறார்கள். மார்க் உண்டு என்று தெரிந்தால் அந்த ருசியே போய்விடும், என்றெல்லாம். பொறுமையாகக் கேட்டாள். "அத்தையும் மூர் மார்க்கெட் போவாங்களா, பெரியப்பா?"

என் அக்கா என்னைவிட நன்றாகப் படித்தவள். வீட்டுக்குப் பக்கத்தில் என்ன கிடைத்ததோ அதில் சேர்த்தார்கள். விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்ப வேண்டும், பேருந்தில் நிறுத்தத்தைத் தாண்டி உட்கார்ந்திருப்பதெல்லாம் நினைத்தும் பார்க்க முடியாது. பூந்தமல்லியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் லோயர், ஹையர் இரண்டும் முடித்தது ஒன்றுதான் அவள் பாடத்துக்கு வெளியே போய் வந்த தூரம். நான் வாங்கி வந்த ஒற்றைத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை முதலிலிருந்து கடைசிவரை முழுதாகப் படித்தது அவள்தான். நான் படம் போட்ட பக்கங்களைத்தான் படித்தேன். ஊர் சுற்றிக் கற்றது ஆண்பிள்ளைகளின் பல்கலைக்கழகம், பெண்பிள்ளைகளுக்கு அட்டவணை போட்டு வகுப்பறைக்குள் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. அன்றைக்கு அதற்குமேல் நான் கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. தம்பிதான் பேசினான், அவன் பேச வேண்டியவன்.

கடைசியில் முடிவு எப்படி வந்தது என்றால், நம் ஊர் நடுத்தர வர்க்கத்து மூளை எல்லாவற்றுக்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகள் படிக்கலாம் என்று 2022-இல் யு.ஜி.சி. அனுமதித்துவிட்டது, ஒன்று நேரில், ஒன்று ஆன்லைனில். ஆகவே கடற்கரையில் ராணிமேரிக் கல்லூரிக்கு விண்ணப்பம், பி.எஸ்சி. புவியியல், கூடவே ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பு, வீட்டிலிருந்தபடி. கல்வெட்டு வாசிக்க சனிக்கிழமைகளில் யாரிடமாவது போவாளாம். காலண்டர் தாளில் பத்து வருடமாக எழுதிய நீர்மட்டத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி ஏதோ செய்யப் போகிறாளாம். ஒரு கால் சேற்றில், ஒரு கால் ஆற்றில், ஒரு கை கீபோர்டில். துறைத் தலைவர் இன்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. அம்மாவுக்கு மட்டும் ராணிமேரி என்றதும் திருப்தி. பெண்பிள்ளைகள் மட்டும் படிக்கிற இடம், பீச் காற்று நல்லது, அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

ஆன்லைன் படிப்புக்கான படிவத்தை அவள் நிரப்பிக்கொண்டிருந்தபோது நான் பின்னால் நின்று பார்த்தேன். ஃபர்ஸ்ட் குரூப்பா தேர்டு குரூப்பா என்று அதில் யாரும் கேட்கவில்லை. நாலு வாரம் பாடம் நடத்தி ஒரு தேர்வு வைப்பார்களாம், தேறினால் உள்ளே. வயது வரம்பு ஏதாவது போட்டிருக்கிறதா என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"இல்லையே. ஏன் பெரியப்பா?"

"சும்மாதான்."

திரும்பி என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "டென்த்ல மேத்ஸும் இங்கிலீஷும் படிச்சிருக்கணும். உங்க மார்க் ஷீட் இருக்கா?"

நாலு நாளாக எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கடைசியாக அது பூந்தமல்லி மாமாவிடம் அட்டெஸ்டேஷனுக்குப் போனதாக அம்மா சொல்கிறாள்.